ரைன் நதியில் ஒரு காரணமில்லாத சாப்பாடு

இந்த நாட்டில் மத்தியானம் ஆகிவிட்டால் தொழிற்சாலை நடையில் எதிரே வருகிறவர்கள் வணக்கம் சொல்வதில்லை. ‘மால்ட்சைட்’ என்கிறார்கள். சாப்பாட்டு நேரம் என்று அர்த்தம். சாப்பிடப் போகிறவரும் அதைச் சொல்கிறார், சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டு வருகிறவரும் சொல்கிறார், கழிப்பறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்பவரும் சொல்கிறார். வந்த புதிதில் எனக்கு இது பெரிய குழப்பம். முகம் தெரியாத ஒருவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துச் ‘சாப்பாட்டு நேரம்’ என்றால், என்னைச் சாப்பிட அழைக்கிறாரா, அல்லது வேலையை விட்டுவிட்டு இங்கே ஏன் நிற்கிறாய் என்கிறாரா? ஒரு பெரியவர் அப்படிச் சொன்னதும் அழைப்பு என்று நினைத்து அவர் பின்னாலேயே கேன்டீன் வரைக்கும் போய், அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் திகைத்தார். தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்து, மறுபடியும் அதே சொல்லைச் சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அந்த மனிதர் யார், எதற்காகச் சொன்னார், யாரிடமாவது போய் என்னைப் பற்றிச் சொல்வாரோ என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். என்னைப் போல வெளியே வந்தவர்களுக்குத் தெரியும், மொழி பாதி தெரிந்த இடத்தில் சந்தேகம்தான் மீதிப் பாதியை இட்டு நிரப்புகிறது. எனக்கோ, சாப்பாட்டு விஷயத்தில் அந்தச் சந்தேகம் கூடுதலாகவே உண்டு. அது ஜெர்மனியில் வந்ததில்லை. விருத்தாசலத்திலிருந்து கூடவே வந்தது.

ஊரில் செராமிக் டிப்ளமோ முடித்து, குஜராத்தில் மோர்பி பக்கம் டைல்ஸ் கம்பெனிகளில் சில வருடம் சூளை பார்த்து, அங்கிருந்து இங்கே வந்தவள் நான். கோப்ளென்ஸ் நகருக்கு மேலே மலையில் இருக்கும் சிற்றூர் இது. உயரமான மின்கோபுரங்களில் தட்டுத்தட்டாகத் தொங்குமே பீங்கான், அதைச் செய்கிற தொழிற்சாலையில் சூளைப் பிரிவில் வேலை. இந்த நாட்டில் நான் இருப்பதற்கான அனுமதியே அந்த வேலையோடு கட்டப்பட்டது. என் கணவர் சரவணன் இருப்பது என் அனுமதியோடு கட்டப்பட்டது. அவர் மொழி படித்துக்கொண்டே வாரக் கடைசிகளில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறார். ஊரில் எங்கள் வீட்டின் மேல் ஒரு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. ஆக, அந்த ஒற்றைச் சூளையின் சூட்டில்தான் எல்லாமே வெந்துகொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன கோடையின் தொடக்கத்தில் அம்மா எங்களோடு இருக்க வந்தாள். அப்பா வரவில்லை. பஸ்ஸில் சேத்தியாத்தோப்பைத் தாண்டினாலே எப்போது திரும்பலாம் என்று கேட்கிறவர் அவர். விமானம் என்றதும், நீ போயிட்டு வா, நான் வூட்டப் பாத்துக்கறேன் என்று சொல்லிவிட்டார். அம்மாவை அழைத்துவர நான் ஒரு வாரம் விடுப்பு எடுத்திருந்தேன். விடுப்பு முடிந்து வேலைக்குப் போனபோது தொழிற்சாலையில் என்னவோ மாறியிருந்தது. அறிமுகமில்லாத மூன்று பேர், பளபளப்பான காலணிகளுடன், சூளைக்கூடத்தைச் சுற்றிச்சுற்றி அளந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். இலையுதிர் காலத்துக்கான சூளைத் தட்டுகளுக்கு நான் எப்போதும்போல ஆர்டர் எழுதிக் கொடுத்தபோது, இப்போது வேண்டாம் என்று மேலிருந்து திரும்பி வந்தது. அடுத்த நாள் ஒரு மின்னஞ்சல். பெந்தெகொஸ்தே விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை சூளைப் பிரிவு முழுவதற்கும் ரைன் நதியில் கப்பல் சவாரி. மேசையில் அமர்ந்து சாப்பிடும் மதிய உணவு. குடும்பத்தில் ஒருவரை அழைத்து வரலாம். எல்லாம் கம்பெனியின் செலவு. எதற்காக என்று ஒரு வரி இல்லை.

சரவணன் படித்துவிட்டு, சும்மா கூப்பிட்டிருப்பாங்க, போய் ஜாலியா இருந்துட்டு வா என்றார். அவர் பண்ருட்டிக்காரர். பலாப்பழம் வந்தால் சாப்பிடுவார், எங்கிருந்து வந்தது என்று கேட்கமாட்டார். அம்மாவிடம் சொன்னபோது அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஆசியக் கடையில் நான் வாங்கி வந்த கீரை. அதை உருவுவதை நிறுத்திவிட்டாள்.

“எதுக்குன்னு போட்டிருக்குதா?”

இல்லை என்றேன்.

“எதுக்குன்னு சொல்லாம போடற சோத்த நான் ஒருதரம் சாப்புட்டிருக்கேன்” என்றாள்.

எனக்கு அது எந்தச் சோறு என்று தெரியும். நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மா அப்போது ஊருக்கு வெளியே ஒரு பீங்கான் யூனிட்டில் வேலை பார்த்தாள். வீடுகளில் மீட்டருக்குப் பக்கத்தில் வெள்ளையாக இருக்குமே பியூஸ் கட்டை, அதுதான் அங்கே செய்தார்கள். அச்சிலிருந்து வருகிற, இன்னும் சுடாத பச்சைக் கட்டையின் ஓரத்துப் பிசிறை ஈரப்பஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்குவது அம்மாவின் வேலை. எப்போதும் அவள் விரல் நுனிகள் ஊறிச் சுருங்கி வெள்ளை பூத்திருக்கும். என் தலையைப் பின்னிவிட்டால் முடியில் மாவு ஒட்டும். ஒரு சனிக்கிழமை முதலாளி எல்லோருக்கும் அங்கேயே சாப்பாடு என்று சொல்லிவிட்டார். காயப்போட்ட பலகைகளை ஓரமாக அடுக்கிவிட்டு, ஷெட்டைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, ஜமுக்காளம் விரித்துப் பந்தி. வாழை இலை, வடை, இரண்டு பொரியல், பாயசம். என்ன விசேஷங்க என்று கேட்டவர்களிடம், விசேஷமெல்லாம் ஒண்ணுமில்ல, உங்களுக்கு ஒரு வேள சோறு போடணும்னு தோணுச்சி என்றாராம். பாயச வாளியை அவரே தூக்கிக்கொண்டு இலைக்கு இலை வந்தாராம். அம்மா அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதை அப்படிப் புகழ்ந்தாள். எனக்காக இரண்டு வடையை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள்.

திங்கட்கிழமை போனபோது கேட்டில் பூட்டு. ஞாயிற்றுக்கிழமையே லாரி வந்து மிஷின்களை ஏற்றிப் போயிருந்தது. தூக்குவாளிகளோடு பெண்கள் உச்சிவெயில் வரைக்கும் அங்கேயே நின்றார்களாம். முதலாளி வரவில்லை, அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவும் இல்லை. அம்மா வீட்டுக்கு வந்து தூக்குவாளியைத் திறக்காமல் அப்படியே வைத்தாள். பிறகு வேறு யூனிட்டில் பொம்மைக்குச் சாயம் பூசினாள், இன்னொன்றில் கப்பு அடுக்கினாள், எங்களைப் படிக்க வைத்தாள். வேலை போனதைப் பற்றி அவள் புலம்பி நான் கேட்டதில்லை. ஆனால் அன்றிலிருந்து, காரணம் தெரியாத சாப்பாட்டை அவள் தொட்டதில்லை. கல்யாணமா, காதுகுத்தா, கருமாதியா என்று தெரிந்தால்தான் பந்தியில் உட்காருவாள். புதிதாகத் திறந்த கடையில் கூப்பிட்டு இனிப்புக் கொடுத்தால் வாங்க மாட்டாள். ஸ்ரீமுஷ்ணம் கோயிலில் அன்னதானம் சாப்பிடுவாள், பெருமாள் எதுக்குப் போடறாருன்னு தெரியும் என்பாள். அவளைப் பார்த்து வளர்ந்த எனக்கும் அது தொற்றிவிட்டது. மோர்பியில் மேனேஜர் பிறந்தநாள் என்று சமோசா கொடுத்தால்கூட, முதலில் போய் சூளை எரிகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன்.

கப்பலுக்கு வருகிறேன், ஆனால் சாப்பிட மாட்டேன் என்று அம்மா சொன்னாள். நீ தனியாப் போவக் கூடாது என்றும் சொன்னாள். புறப்படுகிற அன்று காலையில் புளியோதரை கிளறி, ஒரு டப்பாவில் அடைத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வெளிச்சாப்பாட்டைக் கப்பலில் அனுமதிப்பார்களோ என்று நான் தயங்கியதற்கு, என் பையில இருக்கறது எனக்கு என்றாள்.

கோப்ளென்ஸ் படித்துறையில் கப்பல் வெள்ளையாக, இரண்டடுக்காக நின்றிருந்தது. என்னோடு சூளை பார்க்கும் ரெனாட்டே தூரத்திலிருந்தே கையசைத்தாள். எல்லோரும் கொஞ்சம் அதிகமாகச் சிரிப்பதுபோல எனக்குத் தோன்றியது. வழக்கமாக நீல உடுப்பில் பார்த்த ஆண்கள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்கள். ஒருவர் கழுத்தில் டை. இதெல்லாம் எதற்கு என்று நான் உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா நதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் மணிமுத்தாற்றில் மாசி மகத்துக்குக் குளிக்கக் குழி தோண்டிய வருடங்களும் உண்டு. இங்கே ஆறு கரை முட்டி, பழுப்பும் பச்சையுமாக, சரக்குப் படகுகளைச் சுமந்துகொண்டு போனது. கப்பல் நகர்ந்தது. இரண்டு பக்கமும் மலைச்சரிவில் திராட்சைக் கொடிகள், உச்சியில் கோட்டைகள், அடியில் கரையை ஒட்டியே ரயில். இந்தக் கரையில் ஒரு ரயில் போனால் அந்தக் கரையில் ஒரு ரயில் வந்தது. ஜங்ஷன் ஊர்க்காரி என்பதால் அம்மாவுக்கு அது மட்டும் பிடித்திருந்தது. மற்றபடி, கப்பல் கரையை விட்டு விலகியதும் அவள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, நடுவுல எறங்க முடியுமா என்பதுதான்.

சாப்பாட்டு அறையில் வெள்ளை விரிப்புப் போட்ட வட்ட மேசைகள். ஒவ்வொரு இடத்திலும் பெயர் எழுதிய அட்டை. எங்கள் பெயரைத் தேடிக்கொண்டு போனால், ஆலை மேலாளர் ஹெர் பெக்கரின் மேசையில் இருந்தது. அவர், அவர் மனைவி உர்சுலா, நாங்கள், ரெனாட்டே, அவளுடைய அக்கா. பெக்கர் எழுந்து நின்று அம்மாவுக்குக் கை கொடுத்தார். அட்டையைப் பார்த்து, ‘ஃப்ராவ் ஃபேடவல்லி’ என்றார். ஹெர் என்றால் திரு, ஃப்ராவ் என்றால் திருமதி. வேதவல்லி என்பது இந்த மொழியின் வாயில் அப்படித்தான் விழும். அம்மா கையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து, என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

“இத்தினி பேரு இருக்கறப்ப நம்மள எதுக்கு மொதலாளி பக்கத்துல ஒக்கார வெக்கிறாங்க?”

அவர் முதலாளி இல்லை, மேலாளர்தான் என்றேன். பிரிவிலேயே குறைந்த காலம் வேலை பார்த்தவர்களில் நான் ஒருத்தி. கெட்ட சேதி சொல்ல வேண்டியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது இந்த ஊர் நாகரிகமாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

முதலில் சூப் வந்தது. வெள்ளையாக ஷ்பார்கல் என்று ஒரு தண்டு, இந்தப் பருவத்தில் இவர்கள் கொண்டாடுகிற காய், அதன் சூப். வாசனை மிதமாக, வெண்ணெய் மிதக்க, நன்றாகவே இருந்திருக்கும். என் நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் பெக்கரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ரொட்டியைப் பிய்த்து வெண்ணெய் தடவுவதில்கூட ஏதோ முடிவெடுத்த மனிதரின் நிதானம் தெரிந்தது. அம்மா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். சூப் ஆறியது. உர்சுலா கவனித்துவிட்டார். உங்கள் அம்மாவுக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்டார்.

“வவுறு சரியில்லன்னு சொல்லு” என்றாள் அம்மா.

நான் சொன்னேன். அதுதான் தப்பாகிவிட்டது. ஊரில் வயிறு சரியில்லை என்றால், எனக்கு வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். கேட்டவரும் ஒரு தடவை உபசரித்துவிட்டு விட்டுவிடுவார். இங்கே வயிறு சரியில்லை என்றால் வயிறு சரியில்லை என்று மட்டுமே அர்த்தம். உர்சுலா பணிப்பெண்ணைக் கூப்பிட்டார். கமில்லன் டீ வந்தது, சாமந்திப்பூ மாதிரி ஒரு பூவைப் போட்ட வெந்நீர். கூடவே உப்பில்லாத ரஸ்க்கு. அம்மா அதையும் தொடவில்லை என்றதும் உர்சுலா எழுந்து போய், கப்பலில் முதலுதவி பார்க்கிற மனிதரையே கூட்டிவந்துவிட்டார். அவர் குனிந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். எவ்வளவு நாளாக, காய்ச்சல் உண்டா, வாந்தி உண்டா என்று கேட்டார். நான் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தில் கவலை கூடியது. அம்மா முகத்தில் சந்தேகம் கூடியது. இந்தப் பொம்பள எதுக்கு என்னயே பாத்துக்கிட்டிருக்குது, நம்மகிட்ட இவங்களுக்கு என்னா ஆவணும் என்று முணுமுணுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அடுத்ததாக முக்கியச் சாப்பாடு வந்து இறங்கியது. நீளமான ஷ்பார்கல் தண்டுகள், தோலோடு வேகவைத்த சின்ன உருளைக்கிழங்குகள், மேலே மஞ்சளாக வெண்ணெயும் முட்டையும் அடித்த குழம்பு. எல்லோருக்கும் வைத்து முடிக்கும்வரை யாரும் கத்தியைத் தொடவில்லை. அந்த அமைதியில் ஹெர் பெக்கர் எழுந்தார். கரண்டியால் கண்ணாடிக் குவளையைத் தட்டினார். யாரோ மைக்கைக் கொடுத்தார்கள். அது கரகரத்தது. அடியில் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. நீண்ட வருடங்கள், நல்ல உழைப்பு, கடினமான முடிவு என்று துண்டு துண்டாக எனக்குக் கேட்டது. பிறகு அந்தச் சொல். ‘ஷ்லீசன்.’ மூடுதல். கோடையில் நாம் மூடுகிறோம் என்றார். அதற்கு மேல் என் காது அடைத்துக்கொண்டது. ஏதேதோ சொன்னார், வாய் அசைந்தது. முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். சிலர் மேசையைத் தட்டினார்கள். மூடுவதற்கு எதற்குக் கை தட்டுகிறார்கள்? இவர்களிடம் முன்னாடியே பேசி முடித்துவிட்டார்கள், தெரியாதவள் நான் மட்டும்தான் என்று நினைத்தேன். அது சரியாகத்தான் இருந்தது, வேறு வகையில்.

“மூடப்போறாங்கம்மா” என்றேன்.

“எத?”

“கம்பெனிய.”

அம்மா என்னைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு கோட்டை மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அதையும் பார்த்தாள். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கத்தி, முள்கரண்டி எதையும் எடுக்காமல், விரலால் ஒரு உருளைக்கிழங்கைப் பிட்டு அந்த மஞ்சள் குழம்பில் தொட்டு வாயில் போட்டாள்.

“எதுக்குன்னு தெரிஞ்சி போச்சில்ல. சாப்புடு” என்றாள்.

அவள் நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

“அன்னிக்குத் தெரியாம சாப்புட்டேன்டி. பாயசம் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிக் குடிச்சேன். ரொம்ப நல்லா இருக்குது மொதலாளின்னு வேற சொன்னேன். அந்தாளு என் மூஞ்சியப் பாத்து சிரிச்சாரு. வேல போனா போவுது. அந்தப் பாயசந்தான் இன்னும் உள்ள நிக்கிது.”

இத்தனை வருடத்தில் அவள் இதைச் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. அவள் தண்டு ஒன்றை முருங்கைக்காய் என்று நினைத்துக் கடித்து உறிஞ்சிப் பார்த்து, இது முழுசா தின்னறதா என்று கேட்டுவிட்டு முழுவதையும் தின்றாள். எதிரே உர்சுலாவின் முகம் மலர்ந்துவிட்டது. டீ வேலை செய்துவிட்டது என்று பெக்கரிடம் சொன்னார். அம்மா கையை நாப்கினில் துடைத்துக்கொண்டாள்.

“அவருகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லு. திங்கக்கெழம காலையில கேட்டுல வந்து அவரு நிப்பாரான்னு கேளு.”

இது பெக்கருக்கான கேள்வி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் ஜெர்மனில், தப்பும் தவறுமாக, அப்படியே கேட்டேன். பெக்கர் யோசித்தார். திங்கட்கிழமையா? இல்லையே, நான் இருக்கமாட்டேன். யாருமே இருக்கமாட்டார்கள், கேட் பூட்டியிருக்கும் என்றார். கையை விரித்துச் சிரித்துக்கொண்டே சொன்னார். மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. அம்மா தலையை மெல்ல ஆட்டி, “சிரிச்சிக்கிட்டே சொல்றாரு பாரு” என்றாள்.

அப்போது எனக்கு வந்த கோபத்தில் மொழி தானாக வந்தது. இதை முன்னாலேயே எங்களிடம் சொல்லியிருக்கலாம், சாப்பாடு போட்டுத்தான் சொல்ல வேண்டுமா என்று கேட்டுவிட்டேன். பெக்கர் மனைவியைப் பார்த்தார், மனைவி ரெனாட்டேயைப் பார்த்தார். ரெனாட்டேதான் என் கையைப் பிடித்துக்கொண்டு, அமுதா, திங்கட்கிழமை பெந்தெகொஸ்தே விடுமுறை, மின்னஞ்சலிலேயே இருந்ததே என்றாள். நாடே பூட்டியிருக்கும். ஆலை மூடுவது கோடையில் ஐந்து வாரம். பழைய சூளையைப் பிரித்துவிட்டுப் புதிய மின்சூளை வைக்கிறார்கள், அளந்தவர்கள் அதற்கு வந்தவர்கள். நீ அம்மாவை அழைத்துவர விமான நிலையத்துக்குப் போயிருந்த வாரத்தில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். உனக்கு யாரும் சொல்லவில்லையா? அவரவரும் இன்னொருவர் சொல்லியிருப்பார் என்று நினைத்திருக்கிறார்கள். எங்களை எதற்கு இந்த மேசையில் உட்கார வைத்தீர்கள் என்றும் கேட்டேன். கேட்டபோதே குரல் இறங்கிவிட்டது. உர்சுலா வியப்போடு, சைவம் என்று குறித்தவர்கள் எல்லோரும் இந்த மேசைதான், நானும் சைவம் என்றார். வருகிறோம் என்று அனுப்பிய படிவத்தில், மாட்டிறைச்சிக்குப் பயந்து அந்தக் கட்டத்தில் குறியிட்டது நான்தான். அம்மா ஊரில் வெள்ளாற்று மீனை விடமாட்டாள்.

அம்மாவிடம் விளக்கினேன். பழைய சூளைக்கு விடைகொடுக்கத்தான் இந்தச் சாப்பாடாம் என்றேன்.

“சூளைக்கா?” என்றாள். நம்பினாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. “சரி. செவ்வாக்கெழம நானும் வரேன்” என்றாள்.

அதற்குப் பிறகுதான் நான் சாப்பிட்டேன். ஷ்பார்கலில் லேசான கசப்பும் அதற்கு அடியில் இனிப்பும் இருந்தது. உருளைக்கிழங்கு மண் வாசனையோடு இருந்தது. ஆறிப்போன அந்தக் குழம்பைக்கூட விரலால் வழித்தேன், அம்மா பக்கத்தில் இருந்ததால் வெட்கம் இல்லை. ஜன்னலில் ரைன் வளைந்து திரும்பியது. ஒரு மலைப்பாறையைக் காட்டி ஒலிபெருக்கியில் ஏதோ கதை சொன்னார்கள். எல்லோரும் எழுந்து பார்த்தார்கள், நான் எழவில்லை. உட்கார்ந்து சாப்பிடுவது இவ்வளவு சுகமா என்று இருந்தது. கடைசியில் ஸ்ட்ராபெரியும் அடித்த பாலேடும் வந்தது. அம்மா புளிப்பு என்று முகம் சுளித்துவிட்டு, கிண்ணத்தைக் காலி செய்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, புளியோதரை டப்பாவை எடுத்து உர்சுலாவுக்கு நேரே நீட்டினாள். உர்சுலா மூடியைத் திறந்தார், மோந்து பார்த்தார், கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இது எதற்கு என்ற கேள்வி அந்த முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. ஒரு வேர்க்கடலையை மட்டும் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார். அம்மா விடவில்லை. எதிர்க்கரையில் ரயில் இரண்டு முறை கடந்து போன பிறகுதான் அவர் கரண்டியை எடுத்தார். அப்புறம் டப்பா திரும்பி வரவில்லை, கழுவித் தருவதாகச் சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா என்னோடு பஸ்ஸில் வந்தாள். குளிருக்கு என் கோட்டைப் போட்டுக்கொண்டு, அடியில் புடவை தெரிய நடந்தாள். வளைவில் திரும்பியதும் தொழிற்சாலை கேட் தெரிந்தது. திறந்திருந்தது. ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில், கையில் காபிக் குவளையோடு, ஹெர் பெக்கர் நின்றிருந்தார். இந்த நாட்டு மனிதர்களிடம் ஒன்றைக் கேட்டால் அதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள் என்று நான் அலுத்துக்கொண்டது உண்டு. அம்மா கேட்டது திங்கட்கிழமையை. அது விடுமுறை என்பதால் அவர் அடுத்த வேலை நாளில் வந்து நின்றிருந்தார், அவ்வளவுதான். எதற்காகக் கேட்டாள் என்று அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. குட்டன் மோர்கன், ஃப்ராவ் ஃபேடவல்லி என்று காலை வணக்கம் சொல்லி, திறந்த கேட்டைக் கையால் காட்டினார்.

அம்மா கும்பிட்டாள். அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். முற்றத்தில் வண்டிகள், அடுக்கிய பீங்கான், பின்னால் புகைபோக்கி. எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு என்னிடம், “நிக்கிறாரு” என்றாள். அவ்வளவுதான். நீ போ என்று என்னை உள்ளே அனுப்பிவிட்டு, பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பி நடந்தாள். நடக்கும்போது கோட்டின் கையால் முகத்தைத் துடைத்ததைப் பார்த்தேன். குளிரில் இங்கே எல்லோருக்கும் கண்ணிலும் மூக்கிலும் நீர் வரும். எதுவென்று தெரியவில்லை.

எனக்குச் சந்தேகம் போய்விட்டதா என்றால், போகவில்லை. ஐந்து வாரம் என்றவர்கள் ஐந்தே வாரத்தில் திறந்தார்கள், புதிய சூளை எரிகிறது, இதை எழுதும்போது நான் அந்தச் சம்பளத்தில்தான் இருக்கிறேன். இருந்தாலும் புதிதாக யாராவது அளவு நாடாவோடு வந்தால் பின்னாலேயே போய் எதை அளக்கிறார்கள் என்று பார்க்கிறேன். ரெனாட்டே சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

மூடியிருந்த அந்த வாரங்களில் நான் அம்மாவோடு ஊருக்குப் போனேன். கருவேப்பிலங்குறிச்சியில் அப்பாவின் பங்காளி வீட்டுக் கல்யாணம். முதல் பந்தியில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். இலையில் இனிப்பு விழுந்தது, சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. பக்கத்தில் எல்லோரும் பிசைந்து பாதி தின்றுவிட்டார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு வரிசையின் கடைசி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அங்கே இன்னும் சோறு போய்ச் சேரவில்லை. எல்லோருக்கும் வைத்து முடிக்கும்வரை காத்திருப்பது இப்போது என் உடம்புக்குப் பழகிவிட்டது, எனக்கே தெரியாமல். பரிமாறுகிறவர் என் இலைமுன் நின்றார். என்னாங்க, எதுனா கொறையா இருக்குதா என்று கேட்டார், பங்காளி வீட்டுப் பெரியவரையே கூட்டிவந்துவிடுவார்போல. இல்லைங்க இல்லைங்க என்று அவசரமாகச் சோற்றில் கைவைத்தேன்.

அப்போதுதான் என் நாற்காலியின் முதுகில் ஒரு கை இருப்பது தெரிந்தது. அடுத்த பந்திக்கு இடம் பிடித்து ஒரு அம்மா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தேன். நீங்க எந்த ஊரும்மா என்று கேட்டார். விருத்தாசலந்தாங்க என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சரி, நிதானமா சாப்புடுங்க என்றார். கையை மட்டும் நாற்காலியிலிருந்து எடுக்கவில்லை.